கை தட்டக் கூடாது

"செய்னி, ஒண்ணு உட்காரு, இல்ல எங்கயாவது போய்த் தொலை. நீ இப்படிக் குறுக்கும் நெடுக்குமா நடந்தா எனக்குத் தலை சுத்துது" என்றான் வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதன் உமாரு.

அவனுக்கென்ன, சொல்வான். அவன் பெண்டாட்டி வீட்டில் கம்பு இடித்துக்கொண்டிருக்கிறாள். என் பெண்டாட்டி ஹாஜோ கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வாரச் சந்தை கழிந்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானத் தொழுகை முடிந்ததும் அவள் அண்ணன் ஹமானி, கோத்தனூவில் இருக்கும் தன் துணிக்கடைக்குப் புறப்படுகிறான். தங்கையையும் கூட்டிக்கொண்டு போகிறானாம். கோத்தனூ கடற்கரைப் பட்டணம். அங்கே மீன் தின்று பழகிய எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் திரும்பி வந்து உலக்கை பிடித்ததில்லை. இன்று அவள் வண்டி ஏறிவிட்டால் ஹாஜோ எனக்கு இல்லை. அவ்வளவுதான்.

நானே ஓடிப்போய்க் கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் ஜர்மா சனத்தில் அது கிடையாது. கோபித்துக்கொண்டு போனவளின் வாசலைப் புருஷன் மிதிக்கக் கூடாது, ஆள் அனுப்ப வேண்டும். உமாருவை இரண்டு தடவை அனுப்பினேன். முதல் தடவை தண்ணீர் கொடுத்தார்களாம். இரண்டாம் தடவை அதுவும் இல்லையாம்.

"இன்னொரு தடவை போகச் சொல்லாத. என் மூஞ்சி தேஞ்சு போச்சு. வேற நல்ல மூஞ்சியாப் பாத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டான்.

வேறு மூஞ்சிக்கு நான் எங்கே போவேன்? ஊரில் எல்லோரும் அவள் பக்கம். சண்டையில் நியாயம் என் பக்கம்தான் இருந்தது. அதை நான் இப்போதும் சொல்வேன்.

எங்கள் ஊர் கூரேயில் காட்டுக்கு வேலியும் கிடையாது, கதவும் கிடையாது. ஒட்டகச்சிவிங்கி தன் இஷ்டத்துக்குத் திரியும். மழைக்காலத்தில் மேட்டுக் காட்டில் இருக்கும், தண்ணீர் வற்றினால் பள்ளத்துக்கு இறங்கும். நடுவில் யார் கொல்லை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நாங்கள் சிலர் சாலையோர வேப்பமரத்தடியில் முறை வைத்துக் காத்திருப்போம். பார்க்க வருகிறவர்களின் வண்டியில் தொற்றிக்கொண்டு போய், தேடிக் கண்டுபிடித்து, இறக்கி நடத்திப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவோம். இறங்கும்போது நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். கத்தக் கூடாது, ஓடக் கூடாது, கை தட்டக் கூடாது.

சண்டை வந்த அன்றைக்கும் வெளிநாட்டுக்காரர்கள் சிலருக்கு அதைத்தான் சொல்லிக் கூட்டிப்போனேன். தடம் எங்கே போய் நின்றது தெரியுமா? என் கொல்லையில். கம்பு என்னுடையது, ஓரமாக இருந்த காராமணி ஹாஜோவுடையது. அவள் விதைத்து, அவள் களை பறித்து, அவள் விற்று, அவளே வைத்துக்கொள்வது. காய் பிடித்து முற்றுகிற நேரம். காது கிழிந்த பெரிய பெட்டையும் அதன் கன்றும் இன்னும் சிலதும் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு விருந்து சாப்பிடுகின்றன. வந்தவர்கள் கண்ணை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஹாஜோ வீட்டுப் பக்கமிருந்து கை தட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடி வருகிறாள். நான் குறுக்கே பாய்ந்து அவள் இரண்டு கையையும் பிடித்துவிட்டேன்.

"விடு. என் கொல்லையில என் கையத் தட்ட எனக்கு உரிமை இல்லையா?" என்றாள்.

"காராமணி சந்தையில கிடைக்கும். இது கிடைக்குமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வந்தவர்களைப் பார்த்தாள். அவர்கள் எங்களையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பப் பொண்டாட்டியும் சந்தையில கிடைப்பா. போய் வாங்கிக்க" என்றாள். சாயங்காலம் வீட்டில் அவள் இல்லை, அவள் உலக்கையும் இல்லை. உலக்கையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் சும்மா மிரட்டப் போகவில்லை என்று அப்போதே எனக்கு உறைத்தது.

உமாரு திரும்பவும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது சாலையிலிருந்து ஒரு பழைய வெள்ளைப் பிக்கப் இறங்கி எங்கள் மரத்தடியில் நின்றது. இறங்கியவன் நெட்டையன். நீலத் துணியைத் தலையிலும் முகத்திலும் சுற்றியிருந்தான், கண் மட்டும் தெரிந்தது. வடக்கே பாலைவனத்துத் துவாரெக். உமாருவின் முகம் மலர்ந்துவிட்டது.

"இங்க என் அடிமைங்க யாராவது இருக்கீங்களாடா? எஜமான் வந்திருக்கேன், எந்திரிச்சு நில்லுங்க" என்றான் வந்தவன்.

"ஓடிப்போன நம்ம அடிமை திரும்பி வந்துட்டான்டோய்" என்று உமாரு கூவினான். "ஆடு கோழியெல்லாம் உள்ள போட்டுப் பூட்டுங்க. துவாரெக் கை சும்மா இருக்காது!"

"களி தின்னிப் பயலே, உன் ஆடு எனக்கு எதுக்கு? உன் வயித்துக்குள்ளதான் ஊர்ல இருக்கிற கம்பெல்லாம் இருக்கு."

"முக்காட்ட எறக்குடா, பல்லு மிச்சம் இருக்கா பாக்கலாம்."

எங்களுக்கும் துவாரெக்குகளுக்கும் கேலி முறை. மாமன் மச்சான் கேலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு சனத்துக்கே உண்டானது. முன்பின் தெரியாதவனாக இருந்தாலும் அவன் என்னை அடிமை என்பான், நான் அவனைத் திருடன் என்பேன். கோபம் மட்டும் வரக் கூடாது. கோபப்பட்டவன் மற்றவன் கேட்கும் அபராதத்தைக் கொடுத்தே தீர வேண்டும். இன்னொன்றும் உண்டு. சண்டை எதுவானாலும் கேலி முறைக்காரன் நடுவே வந்து கேட்டால் ஓங்கிய கை இறங்கியாக வேண்டும். அவன் கேட்டு இல்லை என்று சொன்ன குடும்பம் உருப்படாது என்பார்கள்.

உமாரு என் விலாவில் இடித்தான். "மூஞ்சி கேட்டியே, அல்லா அனுப்பியிருக்காரு பாரு. இவன்கிட்டச் சொல்லு."

"என் வீட்டு விஷயத்தத் துவாரெக் வாயில போடவா? அவங்க ஊர் அகதேஸ் வரைக்கும் ஒவ்வொரு டீக்கடையா நிறுத்திச் சொல்லிட்டுப் போவான். வேலையப் பாரு" என்றேன். வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது சோறு போடாது, ஆனால் சோற்றைத் தட்டிவிடும்.

முறை என்னுடையது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து சூரியன் ஏறுவதைப் பார்ப்பதைவிட எதையாவது தேடிக்கொண்டு அலைவது மேல் என்று தோன்றியது. ஏறிக்கொண்டேன்.

வந்தவன் பெயர் அகோலி. லாரி ஓட்டுகிறவன், புதிதாகக் கல்யாணம் ஆனவன். பெண்டாட்டி ரைஷா முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் மருதாணி இன்னும் கறுப்பாக இருந்தது. அவளுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

"எங்க பக்கத்துப் பாறையில ஒட்டகச்சிவிங்கி செதுக்கியிருக்கு" என்றாள் அவள். "நெசத்தவிடப் பெருசுன்னு சொல்றாங்க. அதோட மூக்குலேர்ந்து ஒரு கயிறு கீழ வருது. கயித்தோட அடியில துளியூண்டு மனுசன். சின்னதுலேர்ந்து கேக்கறேன், அவன் அதப் பிடிச்சிருக்கானா, அது அவனப் பிடிச்சிருக்கான்னு. ஒருத்தரும் சொல்லல. நெசத்தப் பாத்தாலாவது தெரியுதான்னு பாக்கணும்."

"அதான் கல்யாணத்தன்னிக்கே கேட்டுட்டா. வேற எவளாவது தங்கம் கேப்பா" என்றான் அகோலி.

வழிகாட்டி பின்னால் திறந்த தட்டில் நிற்பதுதான் எங்கள் வழக்கம். கூரையின் இடப்பக்கம் தட்டினால் வண்டி இடப்பக்கம் திரும்பும், வலப்பக்கம் தட்டினால் வலப்பக்கம். நடுவில் தட்டினால் நிற்கும், மறுபடி தட்டினால் கிளம்பும். அன்றைக்கு மனம் ஓரிடத்தில் நில்லாமல் நான் மாற்றி மாற்றித் தட்டியதில் வண்டி குடிகாரன் மாதிரி வளைந்து வளைந்து போயிற்று.

"டேய், நேராத்தான் தட்டேன்டா! ஒட்டகச்சிவிங்கியத் தேடுறியா, இல்ல தொலைஞ்ச செருப்பத் தேடுறியா?" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

மேட்டுக் குட்டையைப் பார்த்தோம். வற்றிப்போய்ச் சேறுதான் மிச்சம். புதர் வரிசைக்குப் பின்னால் பார்த்தோம். அங்கே மாடு மேய்ந்தது. நான் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன், மரத்தைப் பார்க்காதீர்கள், மரத்துக்கு மேலே பாருங்கள், மரத்துக்குக் காது முளைத்திருந்தால் அதுதான் என்று. அன்றைக்கு எந்த மரத்துக்கும் காது இல்லை. எனக்கு மரத்தைவிடச் சூரியன்மேல்தான் கண். தொழுகை நேரம் நெருங்க நெருங்க, ஹமானி வண்டியின் மேல் மூட்டை ஏற்றுகிறான், கயிறு கட்டுகிறான் என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டி முடிக்கட்டும் என்று ஒரு நேரம் கோபம் வந்தது. கட்டிவிடக் கூடாது என்று அடுத்த நேரம் வேண்டிக்கொண்டேன்.

மணல் சரிவில் தடம் கிடைத்தது. இரண்டாகப் பிளந்த குளம்பு, ஒவ்வொன்றும் சோற்றுத் தட்டு அகலம். புழுக்கை இன்னும் ஈரம் காயவில்லை. கூட்டமாகப் போயிருக்கிறது, நடுவில் கன்றின் சிறு தடம். சந்தேகமே இல்லை, கிழிந்த காதுக்காரியின் கூட்டம். தடம் நேராகக் கிழக்கே போயிற்று. கிழக்கே இருப்பது பானிகொய்ரா. ஹமானியின் ஊர்.

நான் கூரையின் மேற்குப் பக்கம் தட்டினேன்.

கொஞ்ச தூரம் போனதும் வண்டி தானாக நின்றது. ரைஷா இறங்கி, வந்த வழியே நடந்து போய்க் குனிந்து பார்த்தாள். ஒட்டகம் மேய்க்கிற வீட்டில் பிறந்தவள். அவளிடம் தடத்தை மறைக்க முடியுமா?

"வழிகாட்டியாரே, காலடி அந்தப் பக்கம் போகுது. நாம இந்தப் பக்கம் போறோம். உங்க ஊர் ஒட்டகச்சிவிங்கி பின்பக்கமா நடக்குமா?"

"அது பழைய தடம்" என்றேன்.

"புழுக்கையில ஆவி வருது!"

அகோலி இறங்கிக் கிழக்கே கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். தூரத்தில் பானிகொய்ராவின் மசூதி தெரிந்தது.

"அந்த ஊர்ல என்னடா பயம் உனக்கு?" என்றான். "ஓகோ, புரிஞ்சுபோச்சு. பொண்டாட்டி ஓடிப்போய் அங்கதான் உக்காந்திருக்காளா? நல்ல பொண்ணு. பொழுதன்னிக்கும் மரத்த அண்ணாந்து பாக்கிற களி தின்னிகூட எவ குடும்பம் நடத்துவா?"

அவனுக்குத் தெரியாது. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னான். நூறு துவாரெக் நூறு ஜர்மாக்காரனிடம் சொல்கிற கேலிதான். வேறொரு நாளாக இருந்தால் "உன் பொண்டாட்டி இன்னும் ஓடாததுக்குக் காரணம் மருதாணி காயலங்கறதுதான்" என்று திருப்பிக் கொடுத்துச் சிரித்திருப்பேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. தட்டிலிருந்து கீழே குதித்து அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"வாய மூடுடா! என் பொண்டாட்டியப் பத்திப் பேச நீ யாருடா?"

சொன்ன சத்தம் எனக்கே கேட்டது. உடனே கையை எடுத்துவிட்டேன். ஆனால் எடுத்து என்ன பயன்? துவாரெக்கின் கேலிக்குக் கோபப்பட்ட ஜர்மாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தொழுகையின் நடுவே எழுந்து ஓடியவன் மாதிரி கூசிப்போய் நின்றேன்.

அகோலி திருப்பி அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. முகத்துத் துணியைத் தாடைக்குக் கீழே இறக்கினான். அவர்கள் அப்படி இறக்குவது வீட்டு மனுசன் முன்னால்தான்.

"ரைஷா, இவன் நெசமாவே கோபப்பட்டுட்டான். அப்ப அவ நெசமாவே போயிட்டா" என்றான் மெதுவாக.

அவன் வண்டியை அணைத்துவிட்டு ஒரு முள்மர நிழலில் பாயை விரித்தான். கரியடுப்பை எடுத்தான். கெட்டிலை எடுத்தான்.

"என்ன பண்ற?" என்றேன்.

"டீ. அபராதம் பேசணும்னா டீ குடிச்சுத்தான் பேசணும்."

துவாரெக் டீ என்றால் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றையும் உயரத் தூக்கி ஊற்றி, திருப்பிக் கெட்டிலில் விட்டு, மறுபடி ஊற்றி, நுரை வரும்வரை விளையாடுவார்கள். அவன் கரியை ஊதுகிறான், ஊதுகிறான், ஊதிக்கொண்டே இருக்கிறான். என் கால் நிற்கவில்லை. மரத்தைச் சுற்றி நடந்தேன். வண்டியைச் சுற்றி நடந்தேன். தடத்தின்மேல் போய் நின்றேன், திரும்பி வந்தேன். காற்றில் தொழுகை அழைப்பு பானிகொய்ராவிலிருந்து வந்தது. அதைக் கேட்டதும் கெட்டில் கொதிப்பதற்குள் எனக்குள் இருந்த வீம்பு ஆவியாகிவிட்டது.

"அண்ணே, டீயத் தூக்கிப் போடு!" என்று அவன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். "தொழுகை முடிஞ்சா அவ கோத்தனூ போயிடுவா. என்னால போய்க் கூப்பிட முடியாது. நீ போய்க் கேளு. நீ கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாங்க."

எல்லாவற்றையும் கொட்டினேன். காராமணி, கை, சந்தை, எல்லாம். அகோலி கெட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். ரைஷா என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டு கையையும் பிடிச்சீங்களா?" என்றாள். "வந்தவங்க முன்னால?"

"ஆமா."

"எனக்குப் பண்ணியிருந்தா உலக்கைய எடுத்துட்டுப் போயிருக்க மாட்டேன். போட்டுட்டுப் போயிருப்பேன், உங்க தலையில." அவள் எழுந்து கெட்டிலில் இருந்ததை மணலில் கொட்டினாள். "எந்திரிங்க ரெண்டு பேரும்."

ஒரு கிளாஸ் கூடக் குடிக்காமல் எழுந்த துவாரெக்கை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அபராதம் மட்டும் பாக்கி இருக்கு" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டே சொன்னான் அகோலி. "நான் எப்ப என்ன சொல்றேனோ அத அப்பவே செய்யணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"சரி" என்றேன். அந்த நிலைமையில் ஒட்டகத்தை முதுகில் தூக்கச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

பானிகொய்ரா எல்லைக்கு வந்தபோது தொழுகை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. மசூதிக்கு முன்னால் பயணிகள் வண்டி ஒன்று எஞ்சின் ஓட நின்றது. அதன் கூரைமேல் ஹமானி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கட்டில் உலக்கை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஹாஜோவுடையது. கோத்தனூவில் மாவு கடையில் விற்கும், உலக்கை எதற்கு? திரும்பி வர மனம் இல்லாதவள்தான் அதையும் தூக்கிக்கொண்டு போவாள்.

சாலைக்கு இந்தப் பக்கம் ஹமானியின் கொல்லை. அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நான் சொல்லவே வேண்டாம். தடம் பொய் சொல்லாது. கிழிந்த காதுக்காரி கன்றோடும் கூட்டத்தோடும் காராமணிக்குள் நின்றிருந்தாள். பெண்கள் ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். தலையில் புது முக்காடு போட்டு, பயணத்துக்குத் தயாராக, அவர்கள் நடுவில் ஹாஜோ. என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தாள். இரண்டுக்கும் ஒரே பார்வைதான்.

நான் வண்டியடியிலேயே நின்றுவிட்டேன். அகோலி நேரே போய்ப் பயணிகள் வண்டியின் முன்சக்கரத்துக்கு முன்னால் மண்ணில் நீட்டிப் படுத்துக்கொண்டான். நீல அங்கியெல்லாம் புழுதி.

"யாருப்பா அது? எந்திரி!" என்றான் ஹமானி மேலேயிருந்து.

"உன் எஜமான்டா. நான் ஏன் எந்திரிக்கணும்? எனக்கு கூரேயில ஒரு அடிமை இருக்கான், செய்னின்னு பேரு. முட்டாப்பய. கோபக்காரன். அவனுக்கு ரெண்டு சந்தையா களி கிண்டிப் போட ஆளில்ல, எளைச்சு ஓணான் மாதிரி ஆயிட்டான். அடிமை செத்தா எனக்குத்தானே நஷ்டம்? அவளத் திருப்பிக் கொடு. இல்ல, என் மேல வண்டிய ஏத்து. துவாரெக்க ஏத்திக் கொன்ன ஜர்மான்னு பேர் வாங்கிக்க."

மசூதி வாசலில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. ஹமானி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டான்.

"எங்கடா பிடிச்சான் இந்தத் திருடன?" என்று கீழே இறங்கினான். "சரி. நீ வந்து மண்ணுல படுத்தப்புறம் எனக்குக் கோபம் இல்ல. என் கோபம் முடிஞ்சுது. ஆனாப் போறவ அவ. அவ கோபம் என் கையில இல்ல. அவளக் கேளு."

அகோலி எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு ஹாஜோவிடம் போனான். நாலடி தள்ளி நின்று தலையைக் குனிந்தான். அவனிடம் அப்போது கேலி இல்லை.

"தங்கச்சி, என் பயணம் வீணாப் போகக் கூடாது" என்றான்.

ஹாஜோ இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். கத்தவில்லை. அவள் கத்தாதபோதுதான் எனக்குப் பயம்.

"இந்தக் கையாலதான் விதைச்சேன். இந்தக் கையத்தான் பிடிச்சான். அவனுக்கு அதுங்க நிக்கிற அழகு தெரியும், என் காராமணி போறது தெரியாது. நாளைக்கு மறுபடியும் பிடிப்பான். அவன் நல்லவன்தான், எனக்குத் தெரியும். ஆனாப் பிடிப்பான்."

அகோலி திரும்பி என்னைப் பார்த்தான். முகத்துணியை மேலே ஏற்றிக்கொண்டான்.

"டேய் செய்னி! அபராதம்! போய் விரட்டு."

"எத?"

"உன் மாமியாரையா விரட்டச் சொல்றேன்? அதுங்கள. கத்து, ஓடு, கை தட்டு. எல்லாரும் பாக்க."

"அண்ணே, இவ்வளவு தூரம் இதப் பாக்கத்தானே வந்தீங்க? தங்கச்சி இன்னும் பக்கத்துலகூடப் போகலயே! நான் மெதுவாக் கூட்டிப்போய்…"

"ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

செருப்பை உதறிவிட்டு ஓடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக் கத்தினேன். கை வலிக்கத் தட்டினேன். "போ! ஏய், போ!" என்று தொண்டை கிழியக் கூவினேன்.

கிழிந்த காதுக்காரி தலையை நிமிர்த்தினாள். மேலேயிருந்து என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நம்ம செய்னிதானே என்று மறுபடி குனிந்து மென்றாள். இத்தனை வருடம் என் குரலைக் கேட்டுக் கேட்டுப் பழகினவள். இந்தக் குரல் வந்தால் ஒரு தொந்தரவும் இருக்காது என்று அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கன்று ஒருபடி மேலே போய் என் பக்கமாக வந்து மோந்து பார்த்தது.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மசூதிக் கிழவர்கள் கைத்தடியால் தரையைத் தட்டினார்கள். நான் காராமணிக்குள் நின்று தட்டிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் போல இருந்தது. வெட்கம் பாதி, அவள் போய்விடுவாளே என்ற பயம் பாதி.

"தள்ளு" என்று பக்கத்தில் ஒரு குரல்.

ஹாஜோ புது முக்காட்டை உருவிக் கையில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"வந்தவங்களுக்குப் பாடம் நடத்துற மாதிரி தட்டினா அது எப்படிப் போகும்? நீ அந்தப் பக்கம் போ. கன்னுக்கும் தாய்க்கும் நடுவுல நிக்காத, உதைச்சா எலும்பு மிஞ்சாது. காட்டுப் பக்கம் வழி விட்டுட்டுத் தட்டு."

நான் அந்தப் பக்கம் ஓடினேன். அவள் இந்தப் பக்கம் முக்காட்டை விசிறி விசிறி வந்தாள். அவள் கத்தினாள், நான் கத்தினேன். அவள் தட்டினாள், நான் தட்டினேன். கிழிந்த காது இப்போது சிலிர்த்தது. வாலைச் சுருட்டினாள், திரும்பினாள், ஓடினாள். பின்னால் எல்லாம் ஓடின.

அந்த ஓட்டத்தை நான் என்னவென்று சொல்வேன்? கால் இங்கே விழுகிறது, கழுத்து அங்கே போய்த் திரும்பி வருகிறது. பார்த்தால் மெதுவாகப் போகிற மாதிரி இருக்கிறது, கண் மூடித் திறப்பதற்குள் கொல்லை தாண்டிவிட்டது. கன்று பின்தங்கி, பயந்து, துள்ளி, தாயை எட்டிப் பிடித்தது. செம்மண் எழுந்து அடங்கியது. இத்தனை வருடத்தில் வந்த ஒருவருக்கும் நான் இதைக் காட்டியதில்லை. நிற்பதைத்தான் காட்டினேன், நானும் நிற்பதைத்தான் பார்த்தேன்.

பிக்கப் பக்கமிருந்து ரைஷா குலவையிட்டாள். ஓடி வந்தவள் மூச்சு வாங்க என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு, வழிகாட்டியாரே. அந்தக் கயித்தோட அடியில இருக்கிற ஆளு நீங்கதான். மூக்கணாங்கயிறு உங்களுக்குத்தான் போட்டிருக்கு."

யார் போட்டது என்று அவள் சொல்லவில்லை.

ஹாஜோ முக்காட்டை உதறிப் போட்டுக்கொண்டு நேரே பயணிகள் வண்டிக்கு நடந்தாள். அவள் கூரைமேல் கையை நீட்டி உலக்கையை உருவி எடுத்தாள்.

"அண்ணே, என் மூட்டைய அவிழ்த்துவிடு" என்றாள் ஹமானியிடம். பிறகு அகோலியிடம், "உன் வண்டியில முன்னால இடம் இருக்கா?" என்றாள்.

"எஜமானுக்குப் பக்கத்துல எஜமானிகளுக்கு மட்டும் இடம் இருக்கு. அடிமை பின்னால வரட்டும்" என்றான் அகோலி.

அப்படித்தான் வந்தோம். அவர்கள் மூன்று பேரும் உள்ளே, ஹாஜோ ஜன்னலோரம். நான் பின்னால் தட்டில், மூட்டையையும் உலக்கையையும் காலால் அணைத்துக்கொண்டு. உள்ளே ஏதோ பேச்சும் சிரிப்பும். பேச்சு என்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது. ஆனாலும் எனக்கு மனம் அமரவில்லை. அண்ணன் ஊரில் ஏறினாள் சரி, என் வாசலில் இறங்குவாளா? நாளைக்கு மறுபடி பிடிப்பான் என்றாளே, அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லையே.

மேட்டுக் காட்டில் ஏறியதும் மரங்களுக்குக் காது முளைத்திருந்தது. பாதைக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். கிழிந்த காதுக்காரி, கன்று, எல்லோரும், சாயங்கால வெயில் மேலே பட. விரட்டியதையெல்லாம் மறந்துவிட்டு முள்ளுக்குள் நாக்கை நீட்டி இலை பறித்துக்கொண்டிருந்தார்கள். பழக்க தோஷம், என் கை கூரையின் நடுவில் தட்டிவிட்டது. வண்டி நின்றது. ரைஷா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. இவ்வளவு பக்கத்தில் ஒருவருக்கும் வாய்க்காது.

"கத்தக் கூடா…" என்று என் வாய் ஆரம்பித்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

ஜன்னல் வழியாக ஹாஜோவின் இரண்டு கையும் வெளியே வந்தன. தட்டவில்லை. விரித்தபடி காத்திருந்தன. பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவள் ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தட்டினாள். பளீர் என்று ஒரு தட்டு.

காதெல்லாம் திரும்பின. இன்னொன்று தட்டினாள். கூட்டம் புரண்டு ஓடியது. அங்கே கொல்லை இல்லை, காராமணி இல்லை, விரட்ட ஒரு காரணமும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கை தட்டக் கூடாது என்ற அந்த மூன்று வார்த்தையும் வாய்க்குள் வந்து பல்லில் இடித்துக்கொண்டு நின்றன. விழுங்கினேன்.

கண்ணாடியில் அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் சொல்லலியா?" என்றாள்.

"கை உன்னோடது" என்றேன்.

அவள் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. மேலே நீட்டி, வண்டிக் கூரையின் நடுவில், நான் தட்டுகிற இடத்தில், அவளே தட்டினாள். வண்டி வீட்டைப் பார்த்துக் கிளம்பியது.